வாரத்துக்கு 50 மணி நேரம்: பிரான்ஸ் பிசினஸ் ஸ்கூலுக்குக் கிளம்புகிறவர்களின் கேள்விகள்

செப்டம்பர் சேர்க்கைக்குப் பெட்டி கட்டும் பிள்ளைகளிடமிருந்தும், அவர்களைவிடக் கவலையாக இருக்கும் பெற்றோரிடமிருந்தும் புதுச்சேரி, கடலூர் பக்கமிருந்து இந்த முறை நிறையக் கடிதங்கள். எந்தப் பள்ளியில், அதாவது எந்த பிசினஸ் ஸ்கூலில், சேரலாம் என்ற கேள்விகளைத் தனியாக எடுத்து வைத்திருக்கிறோம். சேர்ந்த பிறகு அங்கே நாள் எப்படி ஓடும் என்பதைப் பற்றி மட்டும் இந்த இதழில் பேசுகிறோம்.

கால அட்டவணையில் வாரத்துக்கு 18 மணி நேரம்தான் வகுப்பு என்று போட்டிருக்கிறது. இங்கே கல்லூரியில் தினமும் 6 மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். அங்கே நிறைய நேரம் மிச்சமாகுமா?
— மாணவி, முத்தியால்பேட்டை

மிச்சமாகாது. ஐரோப்பாவில் படிப்பை ஈசிடிஎஸ் என்ற கிரெடிட்டில் அளக்கிறார்கள். ஒரு கிரெடிட் என்பது மாணவர் போடும் 25 முதல் 30 மணி நேர உழைப்பு. வகுப்பு, வாசிப்பு, குழு வேலை, தேர்வு எல்லாம் அதற்குள் அடக்கம். ஆண்டுக்கு 60 கிரெடிட், ஒரு செமஸ்டருக்கு 30. அதாவது 750 முதல் 900 மணி நேரம். தேர்வையும் சேர்த்து செமஸ்டர் 16 வாரம் என்று வையுங்கள்: வாரத்துக்கு 50 மணி நேரத்தை ஒட்டி வருகிறது. 18 மணி நேர வகுப்பு போக மீதி 30 மணி நேரத்துக்கு மணி அடிக்க யாரும் இல்லை. நம் பிள்ளைகள் முதல் இரண்டு மாதம் தடுமாறுவது இதில்தான். பாடம் கடினம் என்பதைவிட, அட்டவணையில் இல்லாத வேலையை அவர்கள் வேலையாகவே கணக்கில் வைப்பதில்லை.

அந்த 30 மணி நேரத்தில் பெரும்பங்கு கேஸ் வாசிப்புக்குப் போகும். கேஸ் என்பது ஒரு நிறுவனம் ஒரு முடிவுக்கு முன்னால் நிற்கும் நிலையைச் சொல்லும் 15, 20 பக்கக் கட்டுரை. பின்னால் அட்டவணைகள் இருக்கும். நாவல் மாதிரி முதல் வரியிலிருந்து படித்தால் இரவு முடிந்துவிடும், கையில் ஒன்றும் நிற்காது. முதல் பக்கத்தையும் கடைசிப் பக்கத்தையும் படித்து, முடிவெடுக்க வேண்டியவர் யார், எப்போதைக்குள் என்று ஒரு வரி எழுதுங்கள். அடுத்து நேராக அட்டவணைகளுக்குப் போய் எண்களைப் பாருங்கள். அதன் பிறகு நடுப்பகுதி.

ஒரு கற்பனை உதாரணம். பண்ருட்டிப் பக்கத்து முந்திரி ஆலை ஒன்று 12 லட்ச ரூபாய் இயந்திரம் வாங்கலாமா என்று யோசிக்கிறது. இயந்திரத்தால் கிலோவுக்கு 8 ரூபாய் கூலி மிச்சம். 12 லட்சத்தை 8-ஆல் வகுத்தால் 1,50,000 கிலோ உடைத்த பிறகே போட்ட பணம் திரும்பும். ஆண்டுக்கு 60,000 கிலோ என்றால் இரண்டரை ஆண்டு. வாங்கலாம் என்று தோன்றும். ஆனால் கடைசி அட்டவணையில், கொட்டை வரத்து ஆண்டுக்கு 5 மாதம்தான், அந்த 5 மாதத்தில் ஆலை வாங்கும் கடனுக்கான வட்டி இவ்வளவு என்று ஒரு வரி ஒளிந்திருக்கும். அதைச் சேர்த்தால் விடை மாறலாம். பேராசிரியர் வகுப்பில் நோண்டப்போவது அந்த வரியைத்தான். நீங்கள் கண்டுபிடித்த விடையைவிட, அதற்கு எந்த எண்ணில் சாய்ந்தீர்கள் என்பதற்கே மதிப்பு. அரைப்பக்கக் குறிப்பு போதும்: என் முடிவு, மூன்று எண்கள், என் முடிவு தவறாகப் போகக்கூடிய ஒரு இடம்.

வகுப்பில் பேசுவதற்கும் மதிப்பெண் உண்டு. அதன் பங்கைப் பாடத்திட்டத்தில் எழுதியிருப்பார்கள், முதல் வாரமே பாருங்கள். நம் பிள்ளைகள் முழு விடையும் மனசில் கூடி வந்த பிறகு கை தூக்கலாம் என்று காத்திருப்பார்கள், அதற்குள் பேச்சு வேறு பக்கம் போயிருக்கும். முதல் 10 நிமிடத்தில் ஒரு எண்ணைச் சொல்லிவிடுங்கள், ‘மூன்றாம் அட்டவணைப்படி லாபம் குறைந்திருக்கிறது’ என்ற அளவில். தொண்டை திறந்துவிடும்.

மதிப்பெண் 20-க்கு. 10 வந்தால் தேர்ச்சி, 14 நல்ல மதிப்பெண், 16 மிக நல்லது. 20-க்கு 13 என்று பார்த்து, ‘65 சதவீதம்தானா’ என்று வீட்டில் அழவேண்டாம். அங்கே 13 என்பது கௌரவமான எண்.

குழு வேலையைப் பற்றி ஒரு எச்சரிக்கை. 5 பேர், நாலு நாடு, ஒரு அறிக்கை. ஆளுக்கு 4 பக்கம் என்று பிரித்துக்கொண்டு கடைசி இரவில் ஒட்டுவார்கள். இரண்டாம் பகுதியில் சந்தை 40 லட்சம் என்றும், நாலாம் பகுதியில் 60 லட்சம் என்றும் இருக்கும். மதிப்பெண் அங்கேதான் போகிறது. ஒப்படைக்கும் நாளுக்கு 48 மணி நேரம் முன்னால் எல்லாப் பகுதிகளும் வந்துவிட வேண்டும், எண்கள் மட்டும் உள்ள ஒரே ஒரு விரிதாளிலிருந்துதான் எல்லாரும் எடுக்க வேண்டும், முழுவதையும் ஒருவர் ஒரே மூச்சில் படித்துப் பார்க்க வேண்டும். இந்த மூன்றையும் முதல் கூட்டத்திலேயே எழுதி எல்லாருக்கும் அனுப்பிவிடுங்கள். எங்கிருந்தாவது ஒரு பத்தி எடுத்தால் மூலத்தைக் குறிப்பிடாமல் விடாதீர்கள். ஒப்பிட்டுப் பார்க்கும் மென்பொருள் வழியாகத்தான் அறிக்கை உள்ளே போகும். செயற்கை நுண்ணறிவுக் கருவிகளை எந்த அளவு பயன்படுத்தலாம் என்பது பாடத்துக்குப் பாடம் மாறும், ஆசிரியரிடம் கேட்டுவிடுங்கள்.

வீடு எடுக்கப் போனால் வங்கிக் கணக்கு கேட்கிறார்கள், கணக்குத் திறக்கப் போனால் வீட்டு முகவரி கேட்கிறார்கள் என்று அங்கே இருக்கும் என் அண்ணன் மகன் சொல்கிறான். எதை முதலில் செய்வது?
— வாசகர், நெல்லித்தோப்பு

சுற்றில் மாட்டாமல் இருக்க, ஊரிலேயே இரண்டு காகிதத்தைச் சரிசெய்துகொண்டு போக வேண்டும்.

முதலாவது பெயர். நமக்கு இருப்பது பெயரும் இனிஷியலும். பிரெஞ்சு அலுவலகங்களுக்குக் குடும்பப் பெயர் ஒன்று, சொந்தப் பெயர் ஒன்று என இரண்டு கட்டம் வேண்டும். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் காலியாக இருந்தால், பள்ளி ஒரு மாதிரி நிரப்பும், வங்கி இன்னொரு மாதிரி, மருத்துவக் காப்பீட்டு அலுவலகம் மூன்றாவது மாதிரி. பிறகு மூன்றும் ஒரே ஆள்தான் என்று நிரூபிப்பது உங்கள் வேலை. விண்ணப்பிக்கும் முன்பே, அப்பா பெயரைக் குடும்பப் பெயராகப் போட்டுப் பாஸ்போர்ட்டைப் புதுப்பித்துக்கொள்வது நல்லது. ஏற்கெனவே விசா வந்துவிட்டதென்றால், விசாவில் அச்சாகியிருக்கும் அதே வரிசையை எல்லா இடத்திலும் எழுத்துக்கு எழுத்து அப்படியே எழுதுங்கள்.

இரண்டாவது பிறப்புச் சான்றிதழ். பழைய சான்றிதழ் பலவற்றில் குழந்தையின் பெயரே ஏறியிருக்காது, ‘ஆண் குழந்தை’ என்று மட்டும் இருக்கும். நகராட்சியிலோ பஞ்சாயத்திலோ பெயரைச் சேர்த்துப் புது நகல் வாங்கி, அப்போஸ்டில் முத்திரை (வெளிநாட்டில் செல்லுபடியாக நம் அரசு தரும் அத்தாட்சி) போட்டுக்கொண்டு போங்கள். பிரெஞ்சு மொழிபெயர்ப்பு நீதிமன்றத்தில் பதிவுபெற்ற மொழிபெயர்ப்பாளர் செய்ததாக இருக்க வேண்டும். தெரிந்த பிரெஞ்சு ஆசிரியர் செய்து தருவது செல்லாது.

இனி வரிசை. விசா கிடைத்ததும், கிளம்பும் முன்பே, ‘விசால்’ என்ற அரசு சார்ந்த உத்தரவாதத்துக்கு இணையத்தில் விண்ணப்பியுங்கள். வாடகை கட்டாமல் போனால் வீட்டுக்காரருக்கு அது கட்டும், உங்களுக்குச் செலவில்லை. 18 முதல் 30 வயது வரை உள்ளவர்கள் கேட்கலாம். வாடகைக்கு ஒரு உச்சவரம்பு உண்டு. ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன் சான்று கையில் இருக்க வேண்டும், பிறகு வாங்கிப் பயனில்லை. வீட்டுக்காரர்கள் முதலில் கேட்பது ‘பிரான்ஸில் சம்பளம் வாங்கும் ஜாமீன்தாரர் யார்?’ என்பதைத்தான். கடலூரில் இருக்கும் அப்பாவின் சம்பளச் சீட்டு அங்கே அதிகம் உதவாது.

இறங்கியதும், பள்ளி விடுதியோ தற்காலிக அறையோ, முகவரியுடன் ஒரு தங்கும் சான்று வாங்குங்கள். உறவினர் வீட்டில் தங்கினால் அவர் ஒரு கடிதம் எழுதி, தன் அடையாள அட்டை நகலும் மின்கட்டண ரசீதும் தர வேண்டும். அதை வைத்துக் கணக்குத் திறந்தால் ‘ரிப்’ என்ற வங்கி விவரத் தாள் கிடைக்கும். அந்த ஒரு தாளை வாடகை, கைபேசி, சம்பளம், காப்பீட்டுப் பணம் என்று எல்லாரும் கேட்பார்கள். பிறகு வீட்டுக் காப்பீடு, அது இல்லாமல் சாவி தரமாட்டார்கள். நீண்டகால மாணவர் விசாவை நாட்டுக்குள் நுழைந்த 3 மாதத்துக்குள் இணையத்தில் உறுதிசெய்ய வேண்டும். இதைத் தள்ளிப்போடாதீர்கள். கெடு தாண்டினால் தங்கியிருப்பதே சட்டப்படி சிக்கலாகிவிடும், விடுமுறைக்கு ஊருக்கு வந்து திரும்புவதும் கஷ்டம்.

வீட்டைப் பார்க்காமல், ஒப்பந்தம் இல்லாமல், ‘அறையைப் பிடித்து வைக்க இரண்டு மாத வாடகை அனுப்புங்கள்’ என்று யார் கேட்டாலும் ஒரு யூரோகூட அனுப்பாதீர்கள். படம் அழகாகவும் வாடகை குறைவாகவும் வீட்டுக்காரர் ‘வெளிநாட்டிலும்’ இருந்தால், பெரும்பாலும் அந்த அறையே இருக்காது.

மாதம் 615 யூரோ காட்டினால் விசாவுக்குப் போதும் என்கிறார்கள். உண்மையில் எவ்வளவு அனுப்ப வேண்டியிருக்கும்?
— தந்தை, மஞ்சக்குப்பம், கடலூர்

615 என்பது விசாவுக்கான குறைந்தபட்சம். பாரிஸில் ஒரு சின்ன ஸ்டுடியோவின் வாடகையே அதைத் தாண்டும். பிரெஞ்சுச் சட்டப்படி வாடகைக்கு விடும் அறை குறைந்தது 9 சதுர மீட்டர் இருந்தால் போதும். நம்மூர் அளவில் சொன்னால் பத்துக்குப் பத்து அறைக்குள்தான் கட்டில், அடுப்பு, மேசை எல்லாம். பாரிஸ் என்றால் வாடகையோடு மாதம் 1,100 முதல் 1,300 யூரோ என்றும், மற்ற நகரங்களில் 800 முதல் 950 என்றும் திட்டமிடுங்கள். அங்கேயும் கையை இறுக்கித்தான் செலவு செய்ய வேண்டும்.

முதல் மாதத்தைத் தனியாகக் கணக்கிடுங்கள். முதல் வாடகை, முன்பணம் (சாமான்களோடு கூடிய வீட்டுக்குச் சட்டப்படி 2 மாத வாடகை வரை கேட்கலாம்), காப்பீடு, 100 யூரோவைச் சற்றுத் தாண்டும் மாணவர் பங்களிப்புக் கட்டணம், போர்வை, தலையணை, குளிர் உடுப்பு. மூன்று மாத வாடகையும் அதற்குமேல் 500 யூரோவும் கையில் இருந்தால்தான் நிம்மதி. அரசு தரும் வாடகை உதவித் தொகையைப் பட்ஜெட்டில் வரவாக எழுதாதீர்கள். ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து வரும் மாணவர்களுக்கு விதிகள் இறுகி வருகின்றன. வந்தால் வந்த பிறகு எழுதிக்கொள்ளலாம்.

பணம் அனுப்பும்போது: 2025 ஏப்ரல் முதல், வங்கிக் கல்விக் கடனிலிருந்து போகும் தொகைக்கு டிசிஎஸ் (வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பும்போது வங்கி முன்கூட்டியே வசூலிக்கும் வரி) பிடிப்பதில்லை. சொந்தச் சேமிப்பிலிருந்து அனுப்பினால் நிதியாண்டில் 10 லட்சத்தைத் தாண்டும் பகுதிக்குப் பிடிப்பார்கள். அது தொலைந்த பணமில்லை, வருமான வரிக் கணக்கில் காட்டி ஈடுகட்டலாம் அல்லது திரும்பப் பெறலாம். அப்பா, அம்மா இருவர் கணக்கிலிருந்தும் பிரித்து அனுப்பினால் வரம்பு ஆளுக்கு ஆள் தனி. மாதாமாதம் சின்னச் சின்னத் தொகையாக அனுப்பினால் ஒவ்வொரு முறையும் வங்கிக் கட்டணம் போகும், மூன்று மாதத்துக்கு ஒரு முறை அனுப்புங்கள்.

மகனுக்கு நெய், பால்கோவா, முந்திரி, கருவாடு, ஊறுகாய், பொடி எல்லாம் கட்டிவைத்திருக்கிறேன். தோட்டத்துப் பலாச்சுளையும் கறிவேப்பிலையும் கொடுத்தனுப்ப ஆசை. குக்கரும் வைக்கட்டுமா?
— ஒரு தாய், பண்ருட்டி

அம்மா, பாதியை எடுத்துவிட வேண்டியிருக்கும், ஆனால் நீங்கள் பயப்படுகிற பாதி இல்லை.

ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் வெளியிலிருந்து இறைச்சியும் பால் பொருளும் பயணிகள் கொண்டுபோகக் கூடாது. நெய், பால்கோவா இரண்டும் அதில் அடங்கும். மட்டன் ஊறுகாய், கோழி ஊறுகாய் வேண்டவே வேண்டாம். பச்சைக் கறிவேப்பிலைக்கும் பலாச்சுளைக்கும் தாவர நலச் சான்றிதழ் வேண்டும், சூட்கேஸில் போகாது. மாம்பழமும் அப்படியே. தேங்காய், வாழைப்பழம், பேரீச்சைக்கு அந்தச் சான்றிதழ் கேட்பதில்லை.

கருவாடு போகலாம். மீன் பொருள்களுக்கு அந்தத் தடை இல்லை, சொந்த உபயோகத்துக்கு 20 கிலோ வரை அனுமதி. ஆனால் வாசனை இருக்கிறதே! கடலூர் முதுநகரில் வாங்கும் நெத்திலியை ஒரு முழு நாள் வெயிலில் மறுபடி காயவைத்து, வாணலியில் எண்ணெயில்லாமல் லேசாக வறுத்து, ஆறிய பிறகு இரண்டு அடுக்கு ஜிப் பையில் காற்று எடுத்து மூடி, அதை ஒரு டப்பாவுக்குள் வையுங்கள். அரைக் கிலோ போதும். அந்த 9 சதுர மீட்டர் அறையில் கருவாடு வறுத்தால் வாசனை கோட்டில், போர்வையில், பக்கத்து அறையில் எல்லாம் ஏறும். குழம்பில் போடச் சொல்லுங்கள், வறுக்க வேண்டாம்.

முந்திரி தாராளமாகப் போகலாம். பொடிகளை வெள்ளைப் பையில் பெயரில்லாமல் கட்டாதீர்கள். கடைப் பொட்டலம் மாதிரி மூடி, என்ன பொடி என்று ஆங்கிலத்தில் எழுதி ஒட்டுங்கள். கறிவேப்பிலையை நிழலில் காயவைத்துப் பொடியாக்கிக் கொடுங்கள். புளி, பெருங்காயம், குழம்பு மிளகாய்த்தூள் ஆளுக்கு ஒரு செமஸ்டருக்கு: புளி அரைக் கிலோ, பெருங்காயம் 100 கிராம், குழம்புத்தூள் ஒரு கிலோ. அரிசி, பருப்பு, உளுந்து கட்டாதீர்கள். பாரிஸில் லா ஷாப்பேல் பகுதியில் ஈழத் தமிழர் கடைகள் வரிசையாக இருக்கின்றன. பச்சைக் கறிவேப்பிலை, முருங்கைக்காய், பொன்னி அரிசி எல்லாம் கிடைக்கும். மற்ற நகரங்களில் பெரிய கடைகளில் பாஸ்மதியும் பருப்பும் உண்டு.

குக்கர் விஷயத்தில் அவசரப்படாதீர்கள். அறையில் என்ன அடுப்பு என்று முதலில் கேட்கச் சொல்லுங்கள். இண்டக்ஷன் என்றால் சாதாரண அலுமினியக் குக்கர் சூடே ஆகாது, காந்தம் ஒட்டும் அடிப்பாகம் வேண்டும். கண்ணாடித் தட்டு போட்ட சாதா மின்னடுப்பு என்றால் எதுவும் சூடாகும், ஆனால் அடிப்பாகம் தட்டையாக இருக்க வேண்டும். அந்தத் தட்டு அணைத்த பிறகும் கொஞ்ச நேரம் சூடாகவே இருக்கும், அதனால் விசில் எண்ணி அணைக்கும் நம் பழக்கத்தில் ஒரு விசில் கூடுதலாக வந்துவிடும். குக்கரை இறக்கிவைத்துவிட வேண்டும். 3 லிட்டர் போதும், அந்தக் குக்கருக்குப் பொருந்தும் கேஸ்கட்டும் சேஃப்டி வால்வும் கூடுதலாக இரண்டிரண்டு வையுங்கள், அங்கே நம் பிராண்டுக்குக் கிடைக்காது. மின்சாரம் அங்கேயும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். மிக்ஸி ஓடும், பிளக்குக்கு அடாப்டர் மட்டும் வேண்டும். ஆனால் மெல்லிய பயண அடாப்டரில் 750 வாட் மிக்ஸி போட்டால் உருகும். 16 ஆம்பியர் என்று எழுதியிருப்பதாகப் பார்த்து வாங்குங்கள்.

தாளிப்பதையும் சொல்லிக்கொடுங்கள். எல்லா வீட்டிலும் கூரையில் புகை உணரி இருக்கும், 2015 முதல் சட்டப்படி கட்டாயம். கடுகு, மிளகாய் எண்ணெயில் கருகினால் ஊரைக் கூட்டும். ஜன்னலைத் திறந்து, மிதமான சூட்டில், மூடி போட்டுத் தாளிக்க வேண்டும். உணரியைத் துணியால் கட்டிவைப்பது தவறு, தீப்பிடித்தால் காப்பாற்றுவது அதுதான். சுவரின் மேல்பகுதியில் காற்றுப்போக்கி ஒன்று இருக்கும். குளிர் வருகிறதென்று அதை அடைத்துவிட்டால், சோறு கொதிக்கும் நீராவியும் உள்ளே காயும் துணியும் சேர்ந்து ஒரே மாதத்தில் சுவர் கறுத்துப் பூஞ்சை பிடிக்கும். பிறகு முன்பணத்தில் கழிப்பார்கள்.

ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் சமைத்தால் வாரம் ஓடும். சாம்பாரும் கொண்டைக்கடலைக் குழம்பும் ஃப்ரீசரில் நன்றாக இருக்கும். உருளைக்கிழங்கு துண்டுகள் மாவாகிவிடும், அதைச் சூடாக்கும்போது தனியாகச் சேர்க்கலாம். சோற்றை அப்படி வாரத்துக்கு வைக்கக் கூடாது: வடித்த சோறு அறை வெப்பத்தில் ராத்திரி முழுக்கக் கிடந்தால் பாசில்லஸ் என்ற கிருமி பெருகி வயிற்றைக் கெடுக்கும், மறுபடி சூடாக்கினாலும் அந்த நஞ்சு போகாது. ஒரு மணி நேரத்துக்குள் பரப்பி ஆறவைத்து ஃப்ரிட்ஜில், மறுநாளைக்குள் சாப்பிட வேண்டும். இட்லி மாவு குளிர் காலத்தில் பொங்காது. உப்பைப் பிறகு சேர்த்துக்கொண்டு, ஹீட்டருக்கு ஓர் அடி தள்ளிக் கம்பளியால் சுற்றி 14, 16 மணி நேரம் வைத்தால் வரும். மதியத்துக்கு மாணவர் உணவகத்தில் 3.30 யூரோவோ அதற்கும் குறைவாகவோ முழுச் சாப்பாடு உண்டு, அதைவிட மலிவாக அறையில் சமைக்க முடியாது.

இங்கே பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சு படித்தேன். அங்கே படிப்பு ஆங்கிலத்தில்தான். பாண்டிச்சேரி பிரெஞ்சு போதுமா? அம்மாவுக்கு பிரெஞ்சு குடியுரிமை இருக்கிறது, அதனால் எனக்கு ஏதாவது மாறுமா?
— மாணவர், லாஸ்பேட்டை

அம்மாவின் குடியுரிமை உங்களுக்கு வந்திருக்கிறதா என்பதை முதலில் துணைத் தூதரகத்தில் பதிவோடு உறுதிசெய்யுங்கள். நீங்களும் பிரெஞ்சுக் குடிமகன் என்றால் மாணவர் விசாவே தேவையில்லை, வேலை நேர வரம்பும் உங்களுக்குப் பொருந்தாது. விசாவுக்குப் பணம் கட்டிய பிறகு இதை யோசிப்பவர்கள் உண்டு.

மொழி: படிக்கத் தெரியும், கேட்கத்தான் பழக வேண்டும். தொலைபேசி எண்ணை அவர்கள் இரண்டிரண்டு இலக்கமாகச் சொல்வார்கள். 75-ஐ ‘சுவாஸான்த் கேன்ஸ்’, அதாவது அறுபதும் பதினைந்தும் என்பார்கள். ‘சுவாஸான்த்’ காதில் விழுந்ததும் 60 என்று எழுதத் தொடங்கினால், ‘கேன்ஸ்’ வரும்போது 6015 ஆகிவிடும். 70, 80, 90 மூன்றையும் தினமும் 10 நிமிடம் யாரையாவது சொல்லச் சொல்லி எழுதிப் பழகுங்கள், அலியான்ஸ் பிரான்ஸேஸ் மொழி மையத்தில் பி1 என்ற இடைநிலை வகுப்பு முடிப்பதோடு. பயிற்சிப் பணி தேடும்போது அதற்கு அடுத்த நிலையான பி2 இருந்தால் கதவு திறக்கும். ஆங்கிலம் மட்டும் போதும் என்கிற நிறுவனங்கள் குறைவு. கடைக்குள் போனாலும் அலுவலக ஜன்னலுக்குப் போனாலும் முதல் சொல் ‘போன்ஷூர்’. அதைச் சொல்லாமல் கேள்வியைத் தொடங்கினால் மரியாதையில்லாதவராக நினைப்பார்கள்.

பகுதி நேர வேலையில் செலவைச் சமாளிக்கலாமா?
— மாணவர், சிதம்பரம்

முழுச் செலவை முடியாது. மாணவர் விசாவில் ஆண்டுக்கு 964 மணி நேரம் வரை வேலை செய்யலாம், சராசரியாக வாரத்துக்குப் பதினெட்டரை. குறைந்தபட்சக் கூலி மணிக்கு ஏறக்குறைய 12 யூரோ, பிடித்தம் போகக் கையில் ஒன்பதரை. ஆனால் படிப்பு 50 மணி நேரம் என்று மேலே பார்த்தோம். செமஸ்டர் நடக்கும்போது வாரம் 8 முதல் 10 மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். அதில் மாதம் 350 யூரோவைச் சுற்றி வரும், சாப்பாட்டுக்கும் போக்குவரத்துக்கும் ஆகும். மிச்ச மணி நேரங்களைக் கோடை விடுமுறைக்குச் சேர்த்து வையுங்கள்.

சம்பளச் சீட்டில்லாமல் கையில் காசு தரும் வேலைக்குப் போகாதீர்கள். கூலி தராமல் ஏமாற்றினால் கேட்க முடியாது, பிடிபட்டால் தங்கும் அனுமதிக்கே ஆபத்து. சம்பளச் சீட்டு ஒவ்வொன்றையும் பத்திரப்படுத்துங்கள்.

‘ஸ்தாஜ்’ எனும் பயிற்சிப் பணி வேறு. பள்ளி, நிறுவனம், மாணவர் மூவரும் கையெழுத்திட்ட ஒப்பந்தம் இல்லாமல் அதைத் தொடங்கக் கூடாது. பாடத்திட்டத்தில் உள்ள பயிற்சி அந்த 964-இல் சேராது. 2 மாதத்தைத் தாண்டினால் உதவித்தொகை கட்டாயம், முழு நேரமென்றால் மாதம் 600 யூரோவுக்கு மேல் வரும். ஒரே நிறுவனத்தில் ஒரு கல்வியாண்டில் 6 மாதம்தான் உச்சம். ஜனவரியில் தொடங்கும் பயிற்சிக்கு செப்டம்பர், அக்டோபரிலேயே விண்ணப்பிக்க வேண்டும். போய் இறங்கி மூச்சு விடும் முன்பே அந்த வேலை வந்து நிற்கும்.

காய்ச்சல் வந்தால் என்ன செய்வான்?
— தந்தை, விருத்தாசலம்

பள்ளியில் சேர்ந்ததும் மாணவர்களுக்கான அரசு மருத்துவக் காப்பீட்டில் இணையத்தில் பதிவுசெய்ய வேண்டும், கட்டணமில்லை. முதலில் தற்காலிக எண், ஆவணங்கள் சரியானதும் நிரந்தர எண். பிறப்புச் சான்றிதழ் இங்கேதான் வேலைக்கு வரும். பொது மருத்துவர் கட்டணம் 30 யூரோ. அதில் 19 திரும்ப வரும், ஆனால் ‘என் குடும்ப மருத்துவர் இவர்’ என்று ஒருவரை முன்பே பதிவுசெய்திருந்தால் மட்டும். இல்லையென்றால் பெரும்பகுதி கைவிட்டுப்போகும். கண்ணாடிக்கும் பல்லுக்கும் அரசுக் காப்பீடு அதிகம் தராது. இரண்டு ஜோடிக் கண்ணாடியும் பல் சிகிச்சையும் இங்கேயே முடித்து அனுப்புங்கள். தொடர்ந்து சாப்பிடும் மருந்துக்கு மருத்துவர் சீட்டில் பிராண்ட் பெயரோடு மூலப்பெயரும் (ஜெனரிக் பெயர்) இருக்க வேண்டும். அவசரத்துக்கு 15 அல்லது 112.

டிசம்பரிலிருந்து மகள் சரியாகப் பேசுவதில்லை. தூங்கிக்கொண்டே இருக்கிறாள் போலிருக்கிறது. கேட்டால் ஒன்றுமில்லை என்கிறாள்.
— ஒரு தாய், வில்லியனூர்

டிசம்பரில் பாரிஸில் விடிவதே காலை எட்டரைக்கு மேல், மாலை 5 மணிக்கு இருட்டிவிடும். வெயிலில் வளர்ந்த உடம்புக்கு அது சாதாரண மாற்றமில்லை. அதோடு முதல் செமஸ்டர் தேர்வும், ஊர் ஞாபகமும், பொங்கலுக்கு வரமுடியாத வருத்தமும் சேரும். ‘என்ன ஆச்சு’ என்று தினமும் கேட்பதைவிட, நேரம் ஒன்றைப் பொருத்தி வைத்துக்கொள்ளுங்கள். குளிர்காலத்தில் நமக்கும் அவர்களுக்கும் நாலரை மணி நேர வித்தியாசம், மார்ச் கடைசி ஞாயிறு முதல் அக்டோபர் கடைசி ஞாயிறு வரை மூன்றரை. ஞாயிற்றுக்கிழமை நம் மதியம் இரண்டரை அங்கே காலை 10. அவள் சமைக்கும் நேரத்தில் கைபேசியை மேசையில் சாய்த்து வைக்கச் சொல்லுங்கள். பேச்சு தானாக வரும்.

பகல் 12 முதல் 2 மணிக்குள் அரை மணி நேரம் வெளியில் நடக்கச் சொல்லுங்கள், மேகமாக இருந்தாலும். இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமும் சாப்பாடும் குலைந்து, வகுப்புக்கும் போகாமல் இருந்தால், மனநல ஆலோசகரைப் பார்க்க வைக்க வேண்டும். மாணவர்களுக்கு ஆண்டுக்கு 12 அமர்வு வரை இலவசமாகத் தரும் அரசுத் திட்டம் உண்டு, பள்ளியின் மாணவர் நல அலுவலகத்தில் கேட்டால் வழிகாட்டுவார்கள். வாழவே பிடிக்கவில்லை என்ற மாதிரி ஒரு சொல் வாயில் வந்தால், காத்திருக்காதீர்கள். 3114 என்ற எண்ணில் நாள் முழுவதும் ஆள் இருப்பார்கள், இலவசம். அவள் தோழி ஒருத்தியின் எண்ணை இன்றே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள் அம்மா.

படிப்பு முடிந்து அறையைக் காலி செய்யும்போது முன்பணம் முழுதாகத் திரும்ப வருமா?
— மாணவி, பாகூர்

வரும், நுழையும் அன்றே அதற்கு வேலை செய்திருந்தால். சாவி வாங்கும்போது ‘எதா தெ லியூ’ என்ற நிலைக் குறிப்பில் கையெழுத்திடுவீர்கள். வீட்டுக்காரர் ‘எல்லாம் நன்று’ என்று எழுதியதில் அப்படியே கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். குழாய் ஒழுகல், மெத்தைக் கறை, சுவர் ஓட்டை, அடுப்புத் தட்டின் கீறல் ஒவ்வொன்றையும் எழுத வைத்து, தேதியோடு படமெடுங்கள். கண்ணில் படாமல் போனதை 10 நாளுக்குள் எழுத்தில் சொல்லிச் சேர்க்கலாம். சாமான்களோடு கூடிய வீட்டைக் காலி செய்ய ஒரு மாத முன்னறிவிப்பு, பதிவுத் தபாலில். வெளியேறும் குறிப்பும் நுழைந்த குறிப்பும் ஒத்துப்போனால் ஒரு மாதத்துக்குள் பணம் தர வேண்டும், வித்தியாசம் இருந்தால் இரண்டு மாதம். அந்தப் பணம் வந்து சேரும் வரை பிரெஞ்சு வங்கிக் கணக்கை மூடாதீர்கள்.